வாட்சனைப் படிப்பது எப்படி: விசுவாசமான கதைசொல்லியின் குணத்தை அலச ஒரு முழுமையான வழிகாட்டி

ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றைக் கொடுத்து கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் ஹோம்ஸைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கூடவே இருந்து கதையைச் சொல்லும் டாக்டர் வாட்சனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பத்தி: நல்ல நண்பர், விசுவாசமானவர், கொஞ்சம் மந்தமானவர். அவ்வளவுதான், ஆள் முடிந்தார். ஆனால் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளில் 56 வாட்சன் வாயால் வருபவை. ஹோம்ஸ் எப்படி உட்காருவார், எதற்குச் சிரிப்பார், எப்போது மௌனமாகிவிடுவார் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மனிதர் பார்த்து, பொறுக்கி, எழுதி வைத்ததுதான். அவரை அலசாமல் கதையை அலசிவிட்டேன் என்று சொல்லவே முடியாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். வாட்சன் விசுவாசமானவர் என்று எழுதுவதோடு நிற்காதீர்கள். அந்த விசுவாசத்துக்கு அவர் எங்கே விலை கொடுக்கிறார் என்று தேடுங்கள். நண்பர் சொன்னதும் தன் மனசாட்சி சொன்னதும் இடிக்கிற இடம் ஒன்று எங்கேயாவது இருக்கும், அங்கேதான் அந்த ஆள் யார் என்று தெரியும்.

வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கதை 'எ ஸ்கேண்டல் இன் பொஹிமியா'. 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதை இது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். கதை சுருக்கமாக இதுதான்: பொஹிமியா மன்னருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முன்பு அவர் பழகிய ஐரீன் ஆட்லர் என்ற ஓபரா பாடகியிடம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது, அதை மீட்க வேண்டும். ஹோம்ஸ் தெருவில் ஒரு போலிச் சண்டையை ஏற்பாடு செய்து, அடிபட்ட பாதிரியார் வேஷத்தில் அவள் வீட்டுக்குள் போகிறார். வாட்சன் ஜன்னல் வழியாகப் புகை ராக்கெட்டை எறிந்து "நெருப்பு" என்று கத்துகிறார். பதறிப்போனவள் படம் இருக்கும் இடத்தை நோக்கி ஓட, ஹோம்ஸ் அதைக் கண்டுகொள்கிறார். மறுநாள் காலையில் போனால் அவளும் இல்லை, அந்தப் படமும் இல்லை.

முதல் படி: இரண்டு வாட்சன்களைப் பிரித்து வையுங்கள்

முதல் தடவை கதைக்காகப் படியுங்கள், அதில் தப்பில்லை. இரண்டாம் தடவை கையில் பென்சில் இருக்கட்டும். அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை எப்போது சொல்கிறார் என்பது. சம்பவம் தொடங்குவது 1888 மார்ச் 20 இரவு என்று வாட்சனே தேதி போட்டுச் சொல்கிறார். அச்சில் வருவது 1891-ல். அதாவது ஹோம்ஸின் பேக்கர் தெரு அறையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் வாட்சன் ஒருவர், எல்லாம் முடிந்து முடிவு தெரிந்த பிறகு மேஜையில் உட்கார்ந்து எழுதும் வாட்சன் இன்னொருவர். முதல் பத்தியிலேயே ஐரீன் ஆட்லர் இறந்துவிட்டாள் என்று தெரிகிறது, அது எழுதுகிறவருக்கு மட்டும் தெரிந்த செய்தி. அறையில் இருப்பவரின் அறியாமை நிஜம். ஆனால் அந்த அறியாமையை அப்படியே நமக்குக் காட்ட வேண்டும், முடிவை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்று தீர்மானிப்பவர் எழுதுகிறவர். ஓரத்தில் 'அ', 'எ' என்று குறித்துக்கொண்டே போங்கள். எந்த வரி அறையில் இருந்தவருடையது, எந்த வரி பின்னால் எழுதியவருடையது என்பது சில பக்கங்களிலேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: அவருடைய பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாட்சன் தன்னைப் பற்றி அதிகம் பேச மாட்டார். விரிவாகப் பேசுகிற இடம் 1887-ல் வந்த முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டின் ஆரம்பப் பக்கங்கள், அவற்றைக் கட்டாயம் படித்துவிட்டு வாருங்கள். 1878-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். பிறகு ராணுவ மருத்துவராக இரண்டாம் ஆப்கன் போருக்குப் போகிறார். 1880 ஜூலையில் நடந்த மைவாண்ட் போரில் தோளில் குண்டு பாய்கிறது. பெஷாவர் மருத்துவமனையில் தேறி வரும்போது டைபாய்டு காய்ச்சல் வந்து பல மாதம் உயிருக்குப் போராடுகிறார். கப்பலில் இங்கிலாந்து திரும்புகிறபோது உடம்பு நொந்துபோயிருக்கிறது, ஊரில் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினொன்றரை ஷில்லிங் வருமானத்தில் லண்டனில் ஓட்டல் வாழ்க்கை, அதுவும் கட்டுப்படியாகவில்லை. அந்த நிலையில்தான் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் ஹோம்ஸைச் சந்திக்கிறார்.

இந்த வரலாற்றில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பெயர் இருக்கிறது: மர்ரி. மைவாண்டில் வாட்சனைக் குதிரை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆங்கிலேயப் படைகளிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த உதவியாள். வாட்சன் இன்று உயிரோடு இருப்பதே இன்னொருவர் காட்டிய விசுவாசத்தால்தான், அதை நன்றியோடு அவரே எழுதியும் வைத்திருக்கிறார். விசுவாசமான கதைசொல்லி என்று நாம் சொல்பவர் தன் கதையைத் தொடங்கும்போது முதலில் பாராட்டுவது வேறொருவரின் விசுவாசத்தை. ஆபத்தில் கூட நிற்பதை அவர் ஏன் அவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: மூன்று பத்தி நோட்டு

ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார், என்ன செய்கிறார், எதைச் சொல்லாமல் கடக்கிறார். மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கஷ்டம், ஆனால் பலன் அதில்தான் அதிகம்.

நம் கதையிலிருந்தே நிரப்பிப் பார்ப்போம். கல்யாணம் ஆனதால் ஹோம்ஸும் தானும் விலகிவிட்டோம், தன் குடும்ப மகிழ்ச்சியே தன் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது என்கிறார். அது முதல் பத்தி. ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பழைய வீட்டு வாசலைத் தாண்டும்போது ஹோம்ஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது, நின்று அண்ணாந்து பார்க்கிறார், திரைக்குப் பின்னால் அந்த உயரமான நிழல் இரண்டு தடவை கடந்து போகிறது, மணியை அடிக்கிறார். அது இரண்டாவது பத்தி. புகை ராக்கெட் எறிந்த அன்றைக்கு இரவு பேக்கர் தெருவிலேயே தூங்கிவிடுகிறார், வீட்டில் காத்திருக்கும் மனைவிக்குச் செய்தி அனுப்பியதாக ஒரு வரிகூடக் கிடையாது. அது மூன்றாவது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை, குடும்பத்தில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார். ஆனாலும் அந்த ஜன்னல் நிழல் இழுத்தால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்.

தயங்குகிற வார்த்தைகளையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே போனதும் ஹோம்ஸ் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நாற்காலியைக் கையால் காட்டுகிறார், சுருட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடுகிறார். அங்கே வாட்சன், ஹோம்ஸ் உணர்ச்சியைக் கொட்டுகிறவர் அல்ல, ஆனாலும் என்னைப் பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான் என்று நினைக்கிறேன், என்கிற மாதிரி எழுதுகிறார். அந்த 'நினைக்கிறேன்' இல்லாவிட்டால் அது சாதாரண வரி. அது இருப்பதால், வருடக்கணக்காகப் பழகியும் இந்த நண்பர் தன்னை விரும்புகிறாரா என்பதைச் சின்னச் சின்ன அறிகுறிகளிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிகிறது. ஹோம்ஸ் தடயங்களைப் படிப்பதை உலகமே பேசுகிறது. வாட்சன் படிக்கும் தடயங்கள் எல்லாம் ஹோம்ஸின் முகத்தில் இருக்கின்றன.

உடனேயே இன்னொன்று நடக்கிறது. உனக்கு ஏழரைப் பவுண்டு எடை கூடியிருக்கிறது என்கிறார் ஹோம்ஸ். ஏழுதான், என்று திருத்துகிறார் வாட்சன். தலையாட்டும் ஆள் என்று எழுத நினைப்பவர்கள் இந்த அரைப் பவுண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விலை கொடுக்கும் இடம்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். நம் கதையில் அது ஜன்னல் காட்சி.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்ன உரையாடல். சட்டத்தை மீற வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்கிறார் ஹோம்ஸ். பரவாயில்லை. கைதாக நேரலாம்? காரியம் நல்லதென்றால் அதற்கும் தயார். காரியம் மிக நல்லது, என்று ஒரே வரியில் முடிக்கிறார் ஹோம்ஸ். அப்படியென்றால் நான் இருக்கிறேன், என்கிறார் வாட்சன். கவனியுங்கள், அவர் நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்ளவில்லை, 'நல்ல காரியம்' என்று ஒரு நிபந்தனை வைக்கிறார். ஆனால் அது நிறைவேறிவிட்டதா என்று சோதிக்கும் உரிமையை ஹோம்ஸிடமே கொடுத்துவிடுகிறார்.

இப்போது ஜன்னலுக்கு வாருங்கள். உள்ளே சோபாவில் அடிபட்டவராக நடிக்கும் ஹோம்ஸ். அவரை அன்போடு பார்த்துக்கொள்ளும் ஐரீன். வெளியே கோட்டுக்குள் புகை ராக்கெட்டை மறைத்துக்கொண்டு வாட்சன். அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடுவது சில வரிகள்தான், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் ஹோம்ஸுக்கு உறுத்துகிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் என் வாழ்க்கையில் இதுபோல நான் வெட்கப்பட்டதில்லை, என்பது முதலில் வருவது. இப்போது பின்வாங்கினால் அது ஹோம்ஸுக்குச் செய்யும் மகா துரோகம், என்பது அடுத்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு ராக்கெட்டை எடுக்கிறார். அப்புறம் வருகிறது சமாதானம்: நாம் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லையே, அவள் இன்னொருவருக்குக் கெடுதல் செய்வதைத்தானே தடுக்கிறோம்.

வரிசைதான் இங்கே முக்கியம். காரணம் சரியாக இருந்ததால் செயலில் இறங்கினார் என்றால், காரணம் முதலில் வந்திருக்க வேண்டும். இங்கே வெட்கம் முதலில், விசுவாசம் அடுத்து, கை ராக்கெட்டைத் தொட்ட பிறகுதான் நியாயம். முடிவெடுத்தது விசுவாசம், நியாயம் அதற்குப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஹோம்ஸின் ஒரு வரியை நம்பி விட்டுவிட்ட கேள்வி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து அவர் முன் நிற்கிறது. நல்ல மனிதர் ஒருவர் தனக்கே பிடிக்காத காரியத்தை நண்பருக்காகச் செய்வது எப்படி என்பதற்கு விக்டோரிய காலத் துப்பறியும் கதைகளில் இவ்வளவு நேர்மையான பதிவு அபூர்வம்.

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. அந்த வெட்கம் யாருக்குத் தெரியும்? ராக்கெட் எறிந்து பத்து நிமிடத்தில் ஹோம்ஸின் கை தன் கையோடு கோத்துக்கொண்டதும் வாட்சனுக்கு நிம்மதி. பிரமாதமாகச் செய்தாய் டாக்டர், என்கிறார் ஹோம்ஸ். வாட்சன் அவரிடம் உறுத்தலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் வாசகர்களிடம் சொல்கிறார், பத்திரிகையில் அச்சாகும் என்று தெரிந்தே சொல்கிறார். அறையில் இருந்த வாட்சன் மறைத்ததை எழுதுகிற வாட்சன் வெளியே வைக்கிறார். முதல் படியில் போட்ட 'அ', 'எ' குறிகள் இங்கேதான் உதவும்.

ஐந்தாம் படி: மற்றவர்களை எப்படிக் காட்டுகிறார்

கதைசொல்லி மற்றவர்களைப் பற்றிச் சொல்வதில் அவரே தெரிவார். தொடக்கத்தில் ஐரீன் ஆட்லரைப் பற்றி, பெயர் கெட்டவள் என்ற தொனியில் ஒரு அடைமொழி போடுகிறார். கதைக்குள்ளே அவர் கண்ணால் பார்த்தவள் அழகானவள், இரக்கமுள்ளவள், ஹோம்ஸையே முந்திய புத்திசாலி. இரண்டும் ஒரே பேனாவில் வந்தவை.

இதற்குக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மேடையில் பாடிப் பிழைக்கும் பெண், திருமணத்துக்கு வெளியே மன்னரோடு பழகியவள் என்றால், 1891-ல் ஒரு கௌரவமான லண்டன் டாக்டர் எப்படிப் பேச வேண்டுமோ அப்படித்தான் முதல் பத்தி பேசுகிறது. அதே உறவில் பாதிப் பங்கு உள்ள மன்னருக்கு அப்படி எந்த அடைமொழியும் கிடையாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது ஊர்ப்பேச்சு அவருக்கு மறந்துவிடுகிறது, கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறார். இந்த முரணைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள், உங்கள் கட்டுரையின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

முடிவையும் பாருங்கள். தன் நண்பர் ஒரு பெண்ணிடம் தோற்றதை வாட்சன் மூடி மறைக்கவில்லை. பெண்களின் புத்தியைக் கேலி செய்யும் பழக்கம் ஹோம்ஸுக்கு இருந்தது, இப்போதெல்லாம் கேட்பதில்லை, என்று பதிவு செய்கிறார். ஹோம்ஸின் புகழை ஊதுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், ஸ்ட்ராண்ட் இதழில் வந்த முதல் ஹோம்ஸ் கதையாக ஒரு தோல்வி வந்திருக்காது.

ஆறாம் படி: வாட்சன் வேறு, டாயில் வேறு

1887-ல் தோளில் இருந்த காயம் 1890-ல் வந்த 'த சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் காலில் இருக்கிறது. ஜான் வாட்சனை இன்னொரு கதையில் மனைவி ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். இவை டாயிலின் கவனக்குறைவு. இதை வைத்து வாட்சன் நம்பத்தகாத கதைசொல்லி என்று வாதம் கட்டாதீர்கள், ஒரு கேள்வியில் இடிந்துவிடும்.

அதேபோல, வாட்சன் பின்தங்கியே இருப்பது கதையின் தேவை. அவருக்கு முதலிலேயே விடை தெரிந்தால் நமக்கும் தெரிந்துவிடும், அதோடு மர்மம் போச்சு. அதற்காக அவர் முட்டாள் இல்லை. மன்னரின் கடிதத்தை ஹோம்ஸ் நீட்டியதும் வாட்சனே ஊகம் செய்கிறார்: விலையுயர்ந்த காகிதம், எழுதியவர் வசதியானவர். சரியான ஊகம்தான், ஹோம்ஸ் அதிலிருந்து பொஹிமியா வரைக்கும் போகிறார் என்பதுதான் வித்தியாசம். உளறுகிற வாட்சன் நம் மனதில் பதிந்ததற்கு 1939-லிருந்து வந்த படங்களில் நைஜல் புரூஸ் நடித்த விதம் ஒரு பெரிய காரணம். கட்டுரை எழுதும்போது அந்த முகத்தை மறந்துவிடுங்கள்.

ஏழாம் படி: வேறு கதைகளோடு உரசிப் பாருங்கள்

ஒரே கதையில் கிடைத்த முடிவை இன்னொன்றில் சோதிக்க வேண்டும். 1893-ல் வந்த 'த ஃபைனல் பிராப்ளம்' நல்ல உரைகல். சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியருகே இருவரும் நிற்கும்போது, கீழே விடுதியில் ஒரு ஆங்கிலப் பெண் சாகக் கிடக்கிறாள், டாக்டர் வேண்டும் என்று கடிதம் வருகிறது. நண்பரை விட்டுவிட்டு வாட்சன் திரும்புகிறார், கடிதம் பொய். அதாவது அவர் மருத்துவக் கடமையை முன்னால் வைக்கும் ஆள் என்று எதிரிக்கே தெரிந்திருக்கிறது. விசுவாசம் ஒன்றே அவர் குணம் என்ற வாதம் இங்கே நிற்காது. இன்னொன்று, அந்தக் கதையை எழுத அவருக்கு ஒரு காரணமும் இருக்கிறது: ஹோம்ஸின் எதிரியான மோரியார்டியின் சகோதரர் பத்திரிகையில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கதைசொல்லி எதற்காகப் பேனா எடுத்தார் என்ற கேள்வியை எந்தக் கதையிலும் மறக்காதீர்கள்.

வாட்சன் இல்லாத கதைகளையும் தொட்டுப் பாருங்கள். 1926-ல் வந்த இரண்டு கதைகளை ஹோம்ஸே சொல்கிறார். வாட்சன் கதையாக்கிக் கெடுக்கிறார் என்று அதுவரை குறை சொன்னவர், தானே எழுத உட்கார்ந்ததும் வாசகருக்குச் சுவாரசியமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்.

ஒப்பிட வேறு ஆள் வேண்டுமென்றால் வில்கி காலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' (1868) நாவலின் பெட்டரெட்ஜ் இருக்கிறார். அந்த வீட்டின் மூத்த பணியாளர், அவருடைய விசுவாசம் எஜமானியின் குடும்பத்தோடு. அதனால் துப்பறிய வரும் சார்ஜென்ட் கஃப் அந்த வீட்டுப் பெண்ணைச் சந்தேகிக்கும்போது அவருக்குக் கோபம் வருகிறது. வாட்சன் துப்பறிபவர் பக்கம் நிற்கிறார், இவர் துப்பறியப்படும் வீட்டின் பக்கம்.

எழுதும்போது

மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அதில் ஒரு 'ஆனால்' இருக்கட்டும். 'வாட்சன் ஹோம்ஸுக்கு மிகவும் விசுவாசமானவர், பல இடங்களில் உதவுகிறார்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால் அதில் வாதம் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

'வாட்சன் ஹோம்ஸின் திட்டத்தைக் கடைசிவரை நிறைவேற்றுகிறார், ஆனால் ஜன்னலருகே தனக்கு வந்த வெட்கத்தை நண்பரிடம் மறைத்து வாசகரிடம் சொல்வதன் மூலம், செயலில் ஹோம்ஸுக்கும் எழுத்தில் உண்மைக்கும் விசுவாசமாக இருக்க முயல்கிறார்.'

இதை மறுக்க விரும்புகிறவர் கதையைத் திறந்தாக வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் கதையின் ஒரே ஒரு இடத்தை எடுத்து, அங்கே என்ன நடக்கிறது, எந்தச் சொல்லில் தெரிகிறது, அதனால் என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். கதைச் சுருக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள், மதிப்பெண் போடுகிறவருக்குக் கதை தெரியும்.

பழகிப் பார்க்க அடுத்து 1892-ல் வந்த 'த ஸ்பெக்கிள்டு பேண்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் டாக்டர் ராய்லாட்டின் சாவுக்குத் தானும் மறைமுகமாகக் காரணம், ஆனால் அது தன் மனசாட்சியை அவ்வளவாக அழுத்தாது என்று ஹோம்ஸ் சொல்கிறார். அதற்கு வாட்சன் ஏதாவது பதில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து, அதை நோட்டின் மூன்றாவது பத்தியில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.